77 என்றால் 77 இல்லை: ஒரு பீம் அட்டவணையைப் படித்தபோது

தேவதானப்பட்டியில் தேங்காய்க் கிட்டங்கிக்குள் பரண் மாதிரி ஒரு தளம் போட நினைக்கும் சித்தப்பா, பீம் தாங்குதிறன் அட்டவணை ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "20 அடிக்கு ஏழரை டன் தாங்கும்னு போட்டிருக்கேப்பா, இந்தக் கர்டரையே வாங்கிரவா?"

அட்டவணை தப்பில்லை. ஐஎஸ்எம்பி 200, நீளம் 6 மீட்டர், சீராகப் பரவிய மொத்தப் பாரம் 77 கிலோ நியூட்டன். ஐஎஸ் 800:2007 விதிப்படி நானும் போட்டுப் பார்த்தேன், அதேதான் வருது. (10 கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு டன்.) குறை எங்கே என்றால், அந்த எண்ணுக்கான நிபந்தனைகளை அடியில் பொடி எழுத்தில் தள்ளியதில். போட்டோவில் அது பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

முதல் நிபந்தனை: 77 என்பது பாதுகாப்புக்காக 1.5 மடங்கு பெருக்கிய பாரம். நிஜமாக ஏற்றக்கூடியது 51. 1984 விதிப்படி போட்ட பழைய அட்டவணையில் இதே பீமுக்கு 49தான் வரும், ஆனால் அது பெருக்காத பாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் புது இரும்புக்கு பலம் கூடிவிட்டது என்றே நினைப்பார்.

இரண்டாவது, தொய்வு. நீளத்தில் 300-ல் ஒரு பங்குக்கு, அதாவது 20 மில்லிமீட்டருக்கு மேல் தொய்யக்கூடாது என்றால் 51 கூட இல்லை, 32தான்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பீமின் மேல்விளிம்பைப் பக்கவாட்டில் எதுவும் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது முழு பலத்தைக் காட்டும் முன்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். இரு முனைகளும் முறுக்காமல் இறுக்கமாக இருந்தால்கூட, என் கணக்கில் மிஞ்சுவது சுமார் 18. மேல்விளிம்பைக் கவ்விய கான்கிரீட் தளம் அதைப் பிடித்துக்கொள்ளும். சும்மா அடுக்கிய பலகை பிடிக்காது.

ஏழரை டன்னில் ஆரம்பித்தது ரெண்டு டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. பீமின் சொந்த எடையும் (மீட்டருக்கு 25.4 கிலோ) தளத்தின் எடையும் இதற்குள்ளேயே அடக்கம்.

77-க்குப் பக்கத்திலேயே 51, 32, 18 என்று இன்னும் மூன்று கட்டம் போட்டிருந்தால் தாள் ஒன்றும் பெரிதாகிவிடாது. பெரிய எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போடும் அட்டவணை, கணக்கில் சரியாக இருந்தும் படிப்பவரை ஏமாற்றத்தான் செய்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன்: "மேல பலகையா, கான்கிரீட்டா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க. ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிட்டு அப்புறம் கர்டர் வாங்கலாம்."