இரண்டு நாள் சந்தை, இருபது ஆண்டுப் பொறுப்பு

2023 ஏப்ரல் 28. கோலாலம்பூரிலிருந்து சென்னையில் வந்திறங்கிய ஒரு பெண் பயணியின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. மூன்று மாதம் கழித்து, ஜூலை 30 அன்று, திருச்சி விமான நிலையத்திலும் இதே கதை. கோலாலம்பூரிலிருந்து வந்த இன்னொரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. தமிழ்நாட்டு நாளேடுகளுக்கு இவை கடத்தல் செய்திகள். கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இன்னொன்றும் இதில் தெரிந்தது: செல்லப் பாம்பு வாணிபம் கைமாறும் ஊர்களில் கோலாலம்பூரும் ஒன்று.

அந்த வாணிபத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கடத்தல்காரர்கள் அல்லர். உரிமம் எடுத்து, முறையாக முட்டை பொரிக்கவைத்து, ஒவ்வொரு குட்டிக்கும் தீனிக் கணக்கு எழுதிவைக்கும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இரு சாராரின் பாம்பும் ஒரே மாதிரி டப்பாவில்தான் விற்பனைக்கு வருகிறது. பேரங்காடி மண்டபங்களில் வார இறுதிகளில் நடக்கும் செல்லப்பிராணிக் கண்காட்சிகளில், பூனைக்கும் முயலுக்கும் பக்கத்திலேயே ஊர்வனவற்றுக்கும் கடை போடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ முதல்முறையாகப் பாம்பு வாங்க வரும் ஒருவர், அந்த நெரிசலில் நல்ல விற்பனையாளரை அடையாளம் கண்டுகொள்ள முடியுமா? கண்காட்சி என்னும் ஏற்பாடு அதற்குக் கை கொடுக்கிறதா, கண்ணைக் கட்டுகிறதா?

கை கொடுக்கும் பக்கத்தை முதலில் பார்க்கலாம். கண்காட்சி இல்லையென்றால் வாங்குபவர் போகும் இடம் இணையம். வனவிலங்கு வாணிபத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்புக்காகக் கனிதா கிருஷ்ணசாமியும் சாரா ஸ்டோனரும் தீபகற்ப மலேசியாவின் 14 ஃபேஸ்புக் குழுக்களை ஐந்து மாதம் கவனித்து, 2016இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நாளுக்கு அரை மணி நேரம்தான் அவர்கள் பார்த்தது. அதற்குள் ஏறக்குறைய 80 இனங்களைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்ட உயிருள்ள விலங்குகள் விற்பனைக்கு வந்தன. அந்த உலகில் விற்பவருக்கு முகம் இல்லை. படத்தில் இருக்கும் பாம்புதான் வீட்டுக்கு வரும் என்ற உறுதியும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய விற்பனை விளம்பரங்களையும் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் ஒரு குழுவை மூடினால் இன்னொரு குழு முளைக்கிறது.

கண்காட்சியில் விற்பவர் எதிரில் நிற்கிறார். பாம்பைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். நாலு கடை ஏறி இறங்கி, ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்டு, பதில்களை ஒப்பிடலாம். இந்த ஒப்பீடு பெரிய வசதி. "கடைசியாக எப்போது இரை தின்றது?" என்ற கேள்விக்கு ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து தேதியைக் காட்டுவார், இன்னொருவர் "நல்லா சாப்பிடும், கவலைப்படாதீங்க" என்று பேச்சை மாற்றுவார். இவ்விரண்டையும் ஒரே மணி நேரத்தில் கேட்டுவிட்டவருக்கு வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. நாகத்தம்மன் புற்றுக்குப் பால் வார்க்கும் அதே குடும்பம், வாசலில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடும். வழிபாட்டுக்கும் அச்சத்துக்கும் நடுவே, பாம்பை ஓர் உயிராகப் பார்க்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு அரிது. கண்காட்சியில் ஒரு பாம்பைத் தொட்டுப் பார்த்து, அதன் தோல் வழவழப்பாக இல்லாமல் உலர்ந்திருப்பதை உணரும் பிள்ளைக்கு, வீட்டு ஓரத்தில் பாம்பைக் கண்டதும் அடிக்காமல் தீயணைப்பு மீட்புத் துறையான போம்பாவை அழைக்கத் தோன்றலாம். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குறைகள் சான்றுத்தாள்களிலிருந்து தொடங்குகின்றன. கண்காட்சிகளில் பரவலாக விற்கப்படும் பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். மிரண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், நஞ்சில்லை, வளர்ந்தாலும் பெரும்பாலும் ஐந்து அடியைத் தாண்டாது. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் தாயகம் கானா, டோகோ, பெனின் முதலான ஆப்பிரிக்க நாடுகள். மலைப்பாம்பு இனங்கள் அனைத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வாணிப ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ளன. பந்து மலைப்பாம்பு இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் அனுமதித்தாளில் விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும். 'சி' என்றால் வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. 'ஆர்' என்றால் முட்டையையோ குட்டியையோ காட்டிலிருந்து எடுத்துப் பண்ணையில் வளர்த்தது. "பண்ணைக் குட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் வாங்குபவர் முதல் வகையை நினைத்துக்கொள்கிறார். விற்பவர் மூன்றாம் வகையைச் சொல்லியிருக்கலாம். இங்கேயே பொரித்த குட்டி என்றால், தாய்ப் பாம்பு எந்த ஆவணத்தின் மேல் நாட்டுக்குள் வந்தது என்று கேட்பதில் தவறே இல்லை.

மலேசியாவில் இதற்கு இரண்டு சட்டங்கள் பொருந்தும். ஒன்று 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபச் சட்டம். மற்றொன்று 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அட்டவணையில் உள்ள இனத்தை உரிமமின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லித் தப்பிவிடலாம் என நம்புவது ஆபத்து. சாவா பாத்தேக் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் உள்நாட்டு மலைப்பாம்பும் பாதுகாக்கப்பட்ட இனம்தான். கிள்ளான் சாக்கடையில் அகப்பட்ட குட்டியை ஒருவர் மலிவாகத் தந்தாலும், உரிமம் இல்லாமல் வாங்கினால் வாங்குபவரும் குற்றவாளி.

இவற்றுள் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வந்த பெரிய சோதனை கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நடந்தது. 2010 ஆகஸ்ட் 26 அன்று, பினாங்கிலிருந்து ஜகார்த்தா போகும் வழியில், கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஆன்சன் வோங் என்பவரின் பெட்டி பிளந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகள், இரண்டு காண்டாமிருக விரியன்கள், ஒரு தென்னமெரிக்க ஆமை. அவர் ஏற்கெனவே அமெரிக்காவில் வனவிலங்குக் கடத்தலுக்காகச் சிறை சென்றவர். செப்பாங் நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் 190,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைக்க, அவர் வெளியே வந்தார். ஒரே பெட்டியில் செல்லப் பாம்பும் நஞ்சுப் பாம்பும் சேர்ந்து பயணம் செய்ததைக் கவனிக்க வேண்டும். அப்படி வந்த பாம்பு சில்லறை விற்பனைக்கு வரும்போது அதன் மேல் பெட்டியின் தடயம் எதுவும் இருக்காது. காகிதம் ஒன்றுதான் அதன் வரலாற்றைச் சொல்லும்.

காகிதம் சரியாக இருந்தாலும் உடல்நலம் தனிக் கேள்வி. பாம்பு தன் உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தை நம்பியிருக்கும் உயிர். பந்து மலைப்பாம்புக்கு 31, 32 பாகை வெப்பமுள்ள ஒரு மூலை தேவை. பேரங்காடி மண்டபத்தின் குளிர்சாதனக் காற்றில் நாள் முழுக்க டப்பாவில் கிடக்கும் பாம்பு, குளிரில் மந்தமாகிவிடும். பார்ப்பவர் அதைச் சாதுவான பாம்பு என்று எண்ணி மகிழ்கிறார். நலமான பாம்பா, நோயுற்ற பாம்பா என்று அந்த நிலையில் தேர்ந்தவர்களுக்கே சொல்வது கடினம். கண்காட்சியின் மிகப் பெரிய வாக்குறுதி 'நேரில் பார்த்து வாங்கலாம்' என்பது. அந்த வாக்குறுதியை மண்டபத்தின் குளிரே பாதியாகக் குறைத்துவிடுகிறது.

நோய்கள் பரவவும் அந்த மண்டபம் தோதான இடம். பாம்பு உண்ணி மிளகைவிடச் சிறியது. கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் செதிலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு பாம்பைத் தொட்ட கையோடு அடுத்த கடைப் பாம்பைத் தொட்டால் அது ஊர்ந்து இடம் மாறிவிடும். போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் 'இன்க்ளூஷன் பாடி' நோய்க்கு மருந்தே இல்லை. போவாக்கள் அறிகுறி காட்டாமல் நெடுநாள் அதைச் சுமக்கக்கூடும். பந்து மலைப்பாம்புகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோவைரஸ் 2014இல்தான் அறிவியலுக்கு முறையாக அறிமுகமானது. இவற்றை டப்பாவுக்கு வெளியே நின்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது அழகுக்காக உருவாக்கப்படும் நோய். நிறமும் கோலமும் மாறிய 'மோர்ஃப்' வகைகளுக்குத்தான் கண்காட்சியில் விலை அதிகம். அவற்றில் பல எந்தக் கெடுதலும் இல்லாதவை. ஆனால் 'ஸ்பைடர்' என்னும் வகையில் அழகான சிலந்தி வலைக் கோலத்தோடு தலை நடுக்கமும் பிறவியிலேயே வருகிறது. உட்காதின் அமைப்புக் கோளாறே காரணம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சில பாம்புகள் தலைகீழாகத் திருகிக்கொண்டு இரையைக் குறிதவறிப் பாயும். பிரிட்டனின் ஊர்வன ஆர்வலர் சங்கமான ஐஎச்எஸ் தன் விற்பனைக் கூட்டங்களில் இந்த வகையைத் தடை செய்தது. அரசு சட்டம் போடும்வரை காத்திராமல் ஏற்பாட்டாளர்களே தரத்தை உயர்த்த முடியும் என்பதற்கு அது சான்று.

எல்லாவற்றையும்விடக் கடுமையான குறை, அவசரம். "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்ற அட்டையின் முன் நிற்பவர், ஞாயிறு மாலைக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்கும் முடிவோ இருபது, முப்பது ஆண்டுகளுக்கானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் ஒரு பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டபோது அதற்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுக்கும் பாம்பு, அவன் படித்து, வேலைக்குப் போய், மணம் முடித்த பின்னும் உயிரோடிருக்கும். அதற்குள் வீடு மாறும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற அடுக்குமாடிப் பகுதிகளில், பிறருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய விலங்கை வைத்திருக்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி மேலாண்மை விதிமுறைகள் சொல்கின்றன. நிர்வாகக் குழு எதிர்த்தால் பாம்பு எங்கே போகும்?

பல நாடுகளில் அது காட்டுக்குத்தான் போனது. தெற்கு ஃபுளோரிடாவில் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளால், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ரக்கூன்களைக் காண்பது 99 விழுக்காடு குறைந்தது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள்; அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இந்தியா இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. ஃபுளோரிடாவுக்குக் குளிர்காலம் உண்டு. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமான மலேசியாவில் அயல் பாம்பை அவிழ்த்துவிடுவது அதைவிட அஞ்சத்தக்கது.

நிறைகுறைகளை எடைபோட்டால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. கண்காட்சி விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க நல்ல இடம். பாம்பைத் தேர்ந்தெடுக்க மோசமான இடம். முதல் நாளில் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், பெயரையும் உரிமத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பிறகு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் அந்த இனத்துக்கு உரிமம் தேவையா என்று கேட்க வேண்டும். அதன்பின் விற்பனையாளரின் இடத்துக்கே போய், பாம்பு தன் வழக்கமான வெப்பத்தில் எப்படி ஊர்கிறது, கண்முன்னே இரை தின்கிறதா, மூக்கோரத்தில் குமிழி இருக்கிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா, சட்டை முழுதாக உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பாம்பை மற்றவற்றிடமிருந்து மூன்று மாதம் தனியே வைப்பது நல்லது. தொட்ட பின் கை கழுவாவிட்டால் சால்மோனெல்லா தொற்றக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துவைக்க வேண்டும்.

உங்கள் இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்றதும் தயங்கும் விற்பனையாளர், தன் பதிலை அப்போதே சொல்லிவிட்டார்.

வாங்குபவரின் விழிப்பு மட்டும் போதாது. கண்காட்சி நடத்துவோர் கடைக்கு வாடகை வாங்கும்போதே விற்பனை உரிமத்தின் நகலையும் வாங்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் பாம்பின் இனம், பிறந்த தேதி, எங்கிருந்து வந்தது, கடைசியாக இரை தின்ற நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். நஞ்சுப் பாம்பும் 'ஸ்பைடர்' வகையும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. வாயிலில் ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு பெர்ஹிலித்தான் அதிகாரியும் மேசை போட்டு உட்கார வேண்டும். இவற்றில் எதுவும் புதுச் சட்டம் கேட்கவில்லை; ஏற்பாட்டாளர்கள் மனம் வைத்தால் அடுத்த கண்காட்சியிலேயே தொடங்கலாம். அதுவரை, அங்கே போகும் பெற்றோர் பிள்ளைகளுக்குப் பாம்பைக் காட்டட்டும், தொட்டுப் பார்க்க விடட்டும். அன்றே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.