எண்ணிக்கையும் இடமும்: மக்கள்தொகைத் தரவு, பருவநிலை மாற்றம், மகப்பேற்று நலம் பற்றிய எழுத்துகள் – ஒரு திறனாய்வு

தமிழில் எழுதப்படும் சுற்றுச்சூழல் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் ஏறக்குறையக் கட்டாயக் கூறாகவே இடம்பெற்று வருகிறது. புவி வெப்பமடைவதற்கான காரணங்களை அடுக்கும் இடத்தில், தொழிற்சாலைப் புகைக்கும் காடழிப்புக்கும் அடுத்ததாக ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ வந்து நிற்கும். இடைநிலைப்பள்ளி மாணவரின் கருத்து விளக்கக் கட்டுரையிலும் அதனைக் காணலாம்; கருத்தரங்க மலர்களில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளிலும் காணலாம். எந்த நாட்டு மக்கள்தொகை, எந்த ஆண்டுக் கணக்கு, எவ்வழியில் அது காரணமாகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. விடைத்தாள் திருத்துவோர் அவ்வாக்கியத்திற்கு மதிப்பெண் வழங்கிவிடுகின்றனர். இக்கட்டுரையாளரும் பல்லாண்டுகள் வழங்கியவரே.

அவ்வாக்கியம் எங்கிருந்து வந்தது, மக்கள்தொகைத் தரவு உண்மையில் எதற்குப் பயன்படும் என்னும் இரண்டையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இனப்பெருக்க நலம் எனத் தமிழில் வழங்கும் கருத்தாக்கம் இவ்விரண்டிற்கும் இடையே சிக்குண்டு கிடப்பதால் அதனையும் பேச வேண்டியுள்ளது.

தில்லியின் ஓர் இரவு

மக்கள்தொகை பற்றிய அச்சத்தை 1798-இல் மால்தஸ் எழுதிய நூலிலிருந்து தொடங்குவது மரபு. எனினும், இன்று நம் கட்டுரைகளில் ஒலிக்கும் தொனி மால்தசுடையது அன்று; 1968-இல் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிச் வெளியிட்ட ‘மக்கள்தொகைக் குண்டு’ என்னும் நூலினுடையது. அந்நூல் தில்லியில் வெக்கை மிகுந்த ஓர் இரவில் தொடங்குகிறது. ஆசிரியர் தம் மனைவியுடனும் மகளுடனும் வாடகை வண்டியில் செல்கிறார், தெருவெங்கும் மக்கள். மிகைத்தொகை என்றால் என்னவென்பதைத் தாம் அறிவால் மட்டுமன்றி உணர்வாலும் அறிந்துகொண்டது அன்றுதான் என்பது அவர்தம் கூற்றின் சாரம்.

திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 27 இலட்சம். அதற்கு முந்தைய ஆண்டில் நியூயார்க் நகரில் வாழ்ந்தோர் 77 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நியூயார்க்கின் கூட்டம் நகரம் எனப்பட்டது. தில்லியின் கூட்டம் குண்டு எனப்பட்டது. ஆசிரியர் கண்டது வறுமையை, எழுதியது எண்ணிக்கையை. அந்நூல் முன்னறிவித்தவாறு 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டுபோகவுமில்லை. ஆயினும் நூலின் உணர்ச்சி நிலைத்துவிட்டது. மேற்கோளின்றி, மூலம் அறியப்படாமல், நம் மாணவர் கட்டுரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அவ்வுணர்ச்சிக்கு விலையும் உண்டு. இந்தியாவில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976–77-ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் பெரும்பான்மையோர் ஆண்கள். இலக்கு எண் மேலிருந்து வந்தது. அதனை நிரப்பும் பொறுப்பு ஆசிரியர்கள் உள்ளிட்ட கீழ்நிலை ஊழியர் மீது சுமத்தப்பட்டது. 1977-இல் ஆட்சி மாறியபின் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல்லை அரசே கைவிட்டுக் ‘குடும்ப நலம்’ என்று பெயரிட்டது. தமிழ் வழக்கில் மட்டும் பழைய சொல் இன்றும் தேயவில்லை.

நம் வட்டாரத்திலும் எண் இருமுகம் காட்டியுள்ளது. சிங்கப்பூர் 1972-இல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துமாறு பரப்புரை செய்தது. 1987-இல் வசதியுள்ளோர் மூன்றும் அதற்கு மேலும் பெறலாம் என்றது. மலேசியா 1966-இல் குடும்பத் திட்டத்திற்கெனத் தேசிய வாரியம் அமைத்தது. 1980களின் முற்பகுதியில் 7 கோடி மக்கள் என்பதனை நெடுங்கால இலக்காக அறிவித்தது. இங்கே ஆபத்தாகவும் செல்வமாகவும் மாறிமாறிக் கொள்ளப்பட்டது மக்கள்தொகை. மாறாதிருந்தது, பெண்ணின் கருப்பை அரசின் கணக்கேட்டுக்கு உரியது என்னும் எண்ணம். இதனிடையே, 2022-இல் மலேசிய இந்தியரின் மொத்தக் கருவள வீதம் 1.1 எனப் புள்ளிவிவரத் துறை பதிவு செய்துள்ளது. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள ஏறத்தாழ 2.1 தேவை. முதலாம் ஆண்டில் சேரும் மாணவர் தொகை குறைவதை எண்ணி வருந்தும் அதே தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வகுப்பில் மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகளைப் பட்டியலிடச் சொல்கிறார்.

சராசரி மறைப்பவை

மக்கள்தொகைக்கும் பருவநிலைக்கும் தொடர்பே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. எர்லிச்சும் ஜான் ஹோல்ட்ரனும் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த வாய்பாடு மக்கள்தொகை, நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் பெருக்கிச் சூழல் தாக்கத்தைக் கணிக்கிறது. கணக்கு பிழையன்று, அதில் இடும் சராசரிதான் ஏமாற்றுகிறது. தலைக்கு ஆண்டொன்றிற்கு அமெரிக்கர் வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ 14 டன். மலேசியர் 8 டன் அளவில். இந்தியர் 2 டன். வங்கதேசத்தவர் 1 டன்னுக்கும் குறைவு. பிறப்பு மிகுந்த இடமும் புகை மிகுந்த இடமும் ஒன்றல்ல.

மறுதரப்பின் வலிமையான சான்றையும் கூறுவது நேர்மை. பிரையன் ஓநீலும் அவர்தம் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள்தொகை வளர்ச்சி மெதுவடைந்தால் 2050-க்குள் தேவைப்படும் உமிழ்வுக் குறைப்பில் 16 முதல் 29 விழுக்காடு வரை அதனால் கிட்டக்கூடும் எனக் கணித்தது. இது புறந்தள்ளத்தக்க அளவன்று. ஆனால் அவ்வாய்வு தலையெண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. மூப்படைதல், நகர்மயம், குடும்ப அளவு ஆகியவற்றையும் தனித்தனியே கணக்கில் கொண்டது. அதனை மேற்கோள் காட்டுவோர் விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். இங்கு நுட்பமான ஓர் இடர் உள்ளது. கருத்தடைச் சேவை பெண்ணின் உரிமை என்பதால் வழங்கப்படுவதும் காற்றிலுள்ள கரியைக் குறைக்கும் என்பதால் வழங்கப்படுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இரண்டாவதில் பெண் கருவியாகிறாள். வேறு மலிவான கருவி கிடைத்தால் சேவை நின்றுவிடும், இலக்கு எட்டப்படாவிடில் வற்புறுத்தல் தொடங்கும். 1994-இல் கெய்ரோ மாநாடு மக்கள்தொகை இலக்குகளை விடுத்துத் தனியர் உரிமையை முன்னிறுத்தியதன் பொருள் இதுவே. இந்தியாவும் 1996-இல் இலக்கு முறையைக் கைவிட்டது.

டாக்கோப்பின் உப்பு

தரவு எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதற்கு வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரம் நல்ல சான்று. குல்னா மாவட்டத்தின் டாக்கோப் பகுதியில் கடல்நீர் ஆறுகளிலும் நிலத்தடியிலும் ஊடுருவியுள்ளது. கடல்மட்ட உயர்வு, புயல் அலை, மேலாற்றில் நீர்வரத்துக் குறைவு, இறால் வளர்ப்பு எனக் காரணங்கள் பல. குளத்துநீரும் குழாய்க்கிணற்று நீருமே அங்குக் குடிநீர். கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, கர்ப்பகால இரத்தக் கொதிப்பு வறட்சிப் பருவத்தில் 12.2 விழுக்காடாகவும் மழைப் பருவத்தில் 5.1 விழுக்காடாகவும் இருந்ததைக் கண்டறிந்தது. வறட்சிப் பருவத்தில் குடிநீர் வழியாக மட்டுமே ஒரு பெண்ணின் உடலுள் நாளொன்றிற்குச் சேர்ந்த சோடியம் 5 முதல் 16 கிராம் வரை எனக் கணிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் உணவு, நீர் அனைத்தும் சேர்த்துப் பரிந்துரைக்கும் மேல்வரம்பு 2 கிராம். மழைநீர் பருகிய பெண்களுக்கு இடர் குறைவு என்பதைப் பின்னைய ஆய்வு உறுதி செய்தது.

இதில் வங்கதேசத்தில் எத்தனை கோடிப் பேர் உள்ளனர் என்னும் கேள்விக்கு இடமே இல்லை. யார், எம்மாதத்தில், எந்நீரைப் பருகினர் என்பதே கேள்வி. அதற்கான விடை மழைநீர்த் தொட்டி, கருத்தடை இலக்கன்று. பருவநிலை மாற்றம் ஒரு பெண்ணின் கருவுற்ற உடலை எவ்வாறு வந்தடைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை இக்கட்டுரையாளர் அறியார்.

அதே நாட்டின் மத்லப் பகுதியில் 1966 முதல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியன வீடு வீடாகப் பதியப்பட்டு வருகின்றன. 1977-இல் அங்கே பாதிக் கிராமங்களில் பெண் பணியாளர் வீட்டிற்கே சென்று தாய்சேய் நலத்தையும் பலவகைக் கருத்தடை முறைகளையும் எடுத்துரைத்தனர். வற்புறுத்தல் இன்றியே கருவளம் அண்டைக் கிராமங்களைவிட விரைந்து குறைந்தது. அக்குறைவைக் காட்டியதும் அப்பதிவேடுதான்.

சொல்லின் சிக்கல்

இத்தகைய ஆய்வுகளைத் தமிழில் எழுத முனைவோர் முதலில் மோதுவது கலைச்சொல்லோடு. ‘இனப்பெருக்க நலம்’ என்பதில் இனமும் உண்டு, பெருக்கமும் உண்டு. நலம் நாடும் பெண் இல்லை. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் ‘இனவிருத்தி’ விலங்குக்கும் தாவரத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. ‘மகப்பேற்று நலம்’ மனிதருக்குரியது. ஆனால் பிள்ளை பெறாதவரையும், பெற விரும்பாதவரையும், பருவமெய்தும் சிறுமியையும் அது விட்டுவிடுகிறது. நிறைவான சொல் கிட்டும்வரை, குறையை அறிந்தே இக்கட்டுரை பின்னதைத் தலைப்பில் ஆள்கிறது.

இனிவரும் ஆண்டுகளில் சொற்பஞ்சத்தோடு தரவுப் பஞ்சமும் சேரும் போலும். ஏழை நாடுகளில் கருவளம், கருத்தடைத் தேவை, தாய்சேய் நலம் பற்றிய வீட்டளவிலான தகவலைத் திரட்டி வந்த மக்கள்தொகை, உடல்நலக் கருத்தாய்வுத் திட்டம் 1984 முதல் அமெரிக்க உதவியில் இயங்கியது. 2025 பிப்ரவரியில் அவ்வுதவி நிறுத்தப்பட்டது. அத்திட்டம் ஒவ்வொரு கருத்தாய்வுத் தொகுதியின் இருப்பிடத்தையும் பதிந்து, அடையாளம் வெளிப்படாதவாறு நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர், நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை தள்ளிவைத்து வெளியிட்டது. வெப்ப அலையையும் வறட்சியையும் பெண்களின் உடல்நலப் பதிவோடு பொருத்திப் பார்க்க ஆய்வாளர்க்கு உதவியது அந்த ஓர் ஏற்பாடே.

இந்தியாவின் நிலையும் வேறன்று. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு திட்டமிடப்பட்டுள்ளது. புயலுக்கும் உவர்நீருக்கும் இலக்கான காவிரிக் கழிமுகத்தில் மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் அதற்கு வரிசை இல்லை. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கருத்தாய்வும் பழைய மாவட்ட எல்லைகளைக் கொண்டே நடந்தது. அம்மாவட்டத்தில் இன்று கருவுற்றிருக்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் கோடையில் எந்நீரைப் பருகுகின்றனர் என்று கேட்பவர், நாகப்பட்டினத்தின் பழைய எண்ணைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.