அரைக்கால் அடுக்கு

ஒரு சதுரக் கட்டம். அதன் ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் அம்பு. மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கி, இரண்டே நிலை. அடுத்தடுத்த அம்புகள் ஒரே பக்கம் பார்த்தால் ஆற்றல் குறைவு, எதிரெதிரே பார்த்தால் கூடுதல். சூடு ஏற ஏற அவை தாறுமாறாகத் திரும்பும். காந்தத்தை விளக்கும் ஐசிங் மாதிரி இவ்வளவுதான். இரும்பின் எலக்ட்ரான் அடுக்குகள், படிகத்தின் குறைகள், எதற்கும் இதில் இடமில்லை. இத்தனையையும் விட்டுவிட்டு இவ்வளவு உண்மை சொல்லும் படைப்பை இயற்பியலில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

1920இல் இதை முன்வைத்தவர் வில்ஹெல்ம் லென்ஸ். ஹாம்பர்க்கில் அவருடைய மாணவரான எர்ன்ஸ்ட் ஐசிங், அம்புகளை ஒற்றை வரிசையாக நிறுத்திக் கணக்கிட்டார். எவ்வளவு குளிர்த்தினாலும் காந்தம் தோன்றவில்லை. முப்பரிமாணத்திலும் அப்படித்தான் என்று 1925இல் தவறாக எழுதிவிட்டார். வரிசையில் ஓரிடம் பிசகினால் தொடர்பு அங்கேயே அறுந்துபோகும். கட்டத்திலோ சுற்றிப்போக வழி உண்டு. அதனால் கட்டத்தில் காந்தம் நிலைக்கும் என்று 1936இல் இயற்பியலாளர் பையர்ல்ஸ் காட்டினார்.

1944இல் சதுரக் கட்டத்தைத் துல்லியமாகத் தீர்த்தவர் லார்ஸ் ஓன்சாகர். 1948இல் கார்னெல் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில், காந்தமாக்கத்தின் சூத்திரத்தை நிரூபணம் தராமல் கரும்பலகையில் எழுதினார். சி.என். யாங்கின் நிரூபணம் 1952இல்தான் வெளிவந்தது. ஒரே வரிச் சூத்திரம். ஒன்றிலிருந்து ஒரு தொகையைக் கழித்து, மீதியின் அரைக்கால் அடுக்கை, அதாவது 1/8 அடுக்கை, எடுக்க வேண்டும். அந்த அரைக்காலில்தான் என் மனம் நின்றுபோகிறது. காந்தம் மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு ஒரு விழுக்காடு கீழே நிற்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வோர் அம்பும் மற்றவற்றின் சராசரியை மட்டுமே உணர்வதாகக் கொள்ளும் பழைய சராசரிப் புலக் கொள்கையில் அடுக்கு அரை. அதன்படி முழுக் காந்தத்தில் 17 விழுக்காடே எஞ்சும். ஓன்சாகரின் சூத்திரத்தில் 69 விழுக்காடு எஞ்சுகிறது. கடைசி ஒரு விழுக்காட்டுக்குள் அத்தனையும் செங்குத்தாகச் சரிகிறது.

சரியும் அந்தப் புள்ளியைக் கணினித் திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்க்க வேண்டும். கறுப்புத் தீவு, அதற்குள் வெள்ளை ஏரி, ஏரிக்குள் மறுபடி தீவு. எவ்வளவு விலகிப் பார்த்தாலும் அதே பின்னல். அளவுகோல் என்று ஒன்று இல்லாத இடத்தில் அணுவின் விவரங்களுக்கு வேலையில்லை. கடானாஃப் 1966இல் அம்புகளைக் கட்டுக்கட்டாகத் தொகுத்துப் பார்த்ததும், 1971இல் கென்னத் வில்சன் அதை முழுக் கொள்கையாக வளர்த்ததும் இந்த மறதியை விளக்கத்தான்.

மறதி எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று, காந்தத்தோடு தொடர்பே இல்லாத இடத்தில் கிடைக்கிறது. நியான், ஆர்கான், ஆக்சிஜன், மீத்தேன் உள்ளிட்ட எட்டுப் பொருள்களின் திரவ, ஆவி அடர்த்திகளை 1945இல் குகன்ஹைம் ஒரே வரைபடத்தில் குறித்தார். எல்லாம் ஒரே வளைகோட்டில் விழுந்தன. அவ்வடர்த்திகளின் வேறுபாடு சரியும் அடுக்கு ஏறத்தாழ 1/3. முப்பரிமாண ஐசிங் மாதிரி தரும் எண் 0.326. அடுக்கைத் தீர்மானிப்பவை பரிமாணமும் சமச்சீரும்தான். பொருள் எது என்பது கணக்கிலேயே இல்லை.

முப்பரிமாணக் கணக்குக்கு இன்றுவரை துல்லியத் தீர்வு இல்லை. இருபரிமாணத்துக்கோ படிகமே சாட்சி. பொட்டாசியம் கோபால்ட் ஃபுளோரைடில் கோபால்ட் அயனிகள் தட்டுத்தட்டாக அமைந்திருக்கின்றன. ஒரு தட்டின் செய்தி அடுத்ததற்கு அரிதாகவே எட்டும். 1970களில் நியூட்ரான்களைச் செலுத்தி அதன் காந்த ஒழுங்கு சரிவதை அளந்தார்கள். அளவீட்டுப் பிழைக்குள் அடுக்கு அதே அரைக்கால்.