வண்ணமும் வாய்மையும்: வூச் நகரப் படவில்லைகளும் ‘ஃபோட்டோஅமாட்டோர்’ ஆவணப்படமும்

1. முன்னுரை

உலகப் போர்கள் இரண்டும் மக்கள் நினைவில் கறுப்பு வெள்ளைக் காட்சிகளாகவே பதிந்துள்ளன. எனினும் அக்காலத்தில் வண்ணப்படம் இல்லாமல் இல்லை. லூமியேர் உடன்பிறந்தாரின் ஆட்டோகுரோம் தகடுகள் 1907இலேயே விற்பனைக்கு வந்தன. முதல் உலகப் போர்க்காலப் பிரான்சு அவற்றில் பதிவாகியுள்ளது. கோடாக்குரோம் 1935இலும் அக்பாகலர் 1936இலும் வந்தபின், பொழுதுபோக்காகப் படம் எடுப்போர்க்கும் வண்ணம் எட்டியது. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1944-45இல் படைத்துறைக்கெனக் கறுப்பு வெள்ளையில் போரைப் பதிவுசெய்த அதே வேளையில், தமக்கென 16 மி.மீ. வண்ணச் சுருளிலும் பதிவுசெய்தார்.

இத்தகைய மூல வண்ணப் பதிவுகள் கண்டெடுக்கப்படும்போதெல்லாம், போரின் உண்மைத் தோற்றமே கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சி எழுவது இயல்பு. வண்ணம் வாய்மைக்குச் சான்றாகுமா என்னும் வினாவை, போலந்து இயக்குநர் டரியூஷ் யபுவோன்ஸ்கி 1998இல் உருவாக்கிய ‘ஃபோட்டோஅமாட்டோர்’ என்னும் ஆவணப்படத்தை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. படவில்லைகளின் பின்னணி

1987இல் வியன்னாவில் பழைய புத்தகக் கடையொன்றில் ஏறத்தாழ 400 வண்ணப் படவில்லைகள் கிடைத்தன. அவை போலந்தின் வூச் நகரில் எடுக்கப்பட்டவை. அந்நகரைக் கைப்பற்றிய செருமானியர் அதற்கு லிட்ஸ்மன்ஷ்டாட் எனப் பெயரிட்டு, 1940இல் அதன் ஒரு பகுதியைக் கெட்டோ என வேலியிட்டு, 1,60,000 அளவினரான யூதர்களை அதனுள் அடைத்தனர். பின்னர் வேறிடங்களிலிருந்தும் பலர் கொண்டுவரப்பட்டனர். பட்டறைகளில் படைவீரர்க்கான உடை முதலியன செய்துதரும் வரையில் உயிர்வாழ்வு. உழைக்க இயலாதார்க்கு நாடுகடத்தல் என்பதே அங்கு நிலவிய முறை. 1942 சனவரி முதல் கெல்ம்னோ கொலைமுகாமிற்கும், 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்சிற்கும் மக்கள் அனுப்பப்பட்டனர்.

படங்களை எடுத்தவர் வால்டர் கெனெவைன். அவர் ஆஸ்திரியர், கெட்டோவின் செருமானிய நிர்வாகத்தில் தலைமைக் கணக்கர். எனவே இவை வேலியைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் பெற்றிருந்த தரப்பின் பதிவுகளாகும்.

3. கணக்கரின் நோக்கு

தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக நோக்கினையும் வைத்தார். செய்யுளுக்கு உரிய அச்சொல்லை நிழற்படத்திற்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் எதன்மீது கருத்தை நிறுத்துமாறு ஒரு படைப்பு பணிக்கிறது என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. கெனெவைனின் படங்கள் பட்டறை வரிசைகளையும், அடுக்கிய பொருள்களையும், குனிந்து உழைக்கும் கைகளையும், ஒழுங்கான அலுவலகத்தையும் காட்டுகின்றன. தம் மேசையருகே அமர்ந்த கோலத்தில் அவரே இடம்பெறும் படமும் உண்டு. ஆண்டறிக்கையில் இடம்பெறத்தக்க செழிப்பான தொழிற்கூடமாகக் கெட்டோ தோன்றுகிறது. பசிக்கு நிறமில்லை, ஆகவே பசி இப்படங்களில் நேரே தென்படுவதில்லை.

கெனெவைன் அக்பா நிறுவனத்திற்கு எழுதிய முறையீடு இந்நோக்கினை முற்றிலும் வெளிப்படுத்துகிறது. தம் படங்களில் செம்பழுப்புச் சாயல் படிந்திருப்பதே அவருடைய குறை. மக்கள் மடிந்துகொண்டிருந்த இடத்தில் நின்றவரைக் கவலைக்குள்ளாக்கியது நிறப்பிழை. இன்று ‘மூல வண்ணம்’ எனப் போற்றப்படுவதை எடுத்தவரே பிழையுடையது எனக் கருதினார் என்பதும் கருதத்தக்கது.

4. ஆவணப்படத்தின் உத்தி

யபுவோன்ஸ்கி இப்படங்களை வெறும் சான்றுகளாக அடுக்கவில்லை. கெட்டோவில் மருத்துவராகப் பணியாற்றி உயிர்தப்பிய அர்னோல்ட் மோஸ்தோவிச்சின் நினைவுரையை அவற்றிற்கு எதிராக நிறுத்துகிறார். கணக்கரின் படங்கள் வண்ணத்தில் வர, மருத்துவர் பேசும் இன்றைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. இறந்தகாலம் நிறமற்றது, நிகழ்காலம் நிறமுடையது என்னும் வழக்கு இங்குத் தலைகீழாகிறது. பகட்டான வண்ணம் ஐயத்திற்குரியதாகிறது. நிறமற்ற முகம் நம்பிக்கைக்குரியதாகிறது. நிர்வாகக் கடிதங்கள் உணர்ச்சியற்ற குரலில் வாசிக்கப்படுவதும் இம்முரணை வலுப்படுத்துகிறது. படத்தின் சிறப்பு இவ்வமைப்பிலேயே உள்ளது எனலாம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். கேமரா படவில்லைக்குள் நகர்ந்து தனித்தனி முகங்களை அணுகுகிறது. கெனெவைன் தொழிலாளர் கூட்டமாகக் கண்டவர்களை மனிதராக மீட்கும் முயற்சி இது, அவ்வகையில் போற்றத்தக்கது. ஆயினும் அவ்வண்மைக் காட்சி இயக்குநரின் தேர்வேயன்றிக் கணக்கருடையதன்று. சட்டகத்தின் எல்லை மறையுமிடத்து யாருடைய நோக்கில் காண்கிறோம் என்னும் தெளிவும் மறைகிறது. முழுப்படத்தையும் சற்று நீடித்துக் காட்டிப் பின்னர் அணுகியிருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது.

5. மறுபக்கச் சான்றுகள்

அதே கெட்டோவில் யூதர் நிர்வாகத்தின் பணியிலிருந்த ஹென்ரிக் ராஸ், மெண்டல் கிராஸ்மன் ஆகிய இருவரும் உயிருக்கு அஞ்சாது மறைவாகவும் படம் எடுத்தனர். ராஸ் 1944இல் தம் படச்சுருள்களை மண்ணில் புதைத்து, விடுதலைக்குப்பின் 1945இல் தோண்டியெடுத்தார். பல ஈரத்தால் சிதைந்திருந்தன. கிராஸ்மன் போர் முடியுமுன்னரே 1945இல் இறந்தார். கறைபடிந்த அக்கறுப்பு வெள்ளைப் படங்களில் பசியும் பிரிவும் நேரே தெரிகின்றன. ஒரே இடம், ஒரே காலம்; வேறுபட்டது வண்ணம் மட்டுமன்று, கேமராவிற்குப் பின்னால் நின்றவரின் நிலையும் ஆகும்.

6. முடிவுரை

மூல வண்ணம் காலத் தொலைவைக் குறைக்கிறது. இறந்தோரை நம்மோடொத்த மனிதராகக் காட்டுகிறது. அதன் மதிப்பு அவ்வளவில் உறுதி. ஆனால் அது வாய்மைக்குத் தானே பிணை நிற்பதில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணிப்பொறி வழியே நிறமேற்றும் இந்நாளில், அசல் நிறமா ஏற்றிய நிறமா என வினவுவது இன்றியமையாதது. எனினும் அவ்வினாவோடு நின்றுவிடலாகாது. யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், எதை விடுத்தார் என்னும் வினாக்களும் தொடர்தல் வேண்டும். கெனெவைனின் படங்கள் பொய்யல்ல. அவை கொலையாளர் தரப்பின் மெய். அதனை அவ்வாறே அடையாளம் காணப் பயிற்றுவிப்பதனால் ‘ஃபோட்டோஅமாட்டோர்’ ஆவணப்பட வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.