தரையில் உட்காருவது யார்?

குமிழி ஊதும் டப்பாவின் மூடியை இறுக்கித் திருகி மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுக்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். பிறகு வாயே திறப்பதில்லை. குழந்தை திருகிப் பார்க்கும், தட்டும், கடைசியில் டப்பாவை அவர் கையில் திணித்து முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். "ஊது" என்று ஒரே சொல், குமிழிகள் பறக்கும். ஆட்டிசமுள்ள குழந்தைக்கு விளையாட்டு வழியே பேச்சு வளர்ப்பதில் பாதி வேலை இந்தக் காத்திருப்புதான். "இது என்ன கலர்?" என்று துளைத்தெடுப்பது இதில் சேராது.

சென்னையிலும் கொழும்பிலும் முறை ஒன்றுதான். தரையில் குழந்தையோடு உட்காருவது யார் என்பதில்தான் வேறுபாடு.

சென்னையில், நம் தனியார் மையங்கள் பலவற்றில் முக்கால் மணி நேர செஷன் உள்ளே நடக்க, அம்மா வெளியே காத்திருப்பார். 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட மையங்களில் சிகிச்சை இலவசம். ஆனாலும் காசு புரட்ட முடிந்தவர்கள் தனியாரிடம்தான் போகிறார்கள்.

இலங்கையில் அரசு மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டாம். ஆள்தான் குறைவு. பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பு ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது. தமிழிலேயே குழந்தையோடு விளையாடக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அதனால் வேலை வீட்டுக்கே வருகிறது. அம்மாமார் வீட்டிலேயே செய்த பயிற்சியால் சிறு பிள்ளைகள் முன்னேறியதை மருத்துவர் ஹேமமாலி பெரேராவின் குழு 2016இல் பதிவுசெய்தது.

அதே ஆண்டு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வொன்றும் வெளியானது. நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிள்ளை ஏதோ சொல்ல வந்த இடத்தில் நிறுத்திக் காட்டினார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பு கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. வீட்டு வாசலிலேயே இப்படியொரு பாடம் கிடைத்தும் நம் மையங்களின் கதவு அம்மாவுக்குத் திறக்கவில்லை. அம்மாவே கற்றுக்கொண்டால் அடுத்த மாத ஃபீஸ் என்னாவது!

இலங்கையை மெச்சிவிட்டும் போக முடியாது. கையில் ஒரு தாளைக் கொடுத்து அடுத்த தவணைக்கு வரச்சொல்வது பயிற்சியாகாது; பாரம் முழுவதும் தாயின் தலையில் விழும். கோவாவின் வீடியோ முறை உண்மையில் இலங்கையில்தான் அதிகம் தேவை. வவுனியாவில் ஓர் அம்மா எடுத்து அனுப்பும் பத்து நிமிடக் காட்சியைத் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் எங்கிருந்தும் பார்த்துச் சொல்லலாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பயிற்சியாளரின் வேலை நேரத்தில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.