அக்னிச் சிறகுகளில் நாம் படிக்கத் தவறிய பக்கம்

மீலாது மேடையாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், கல்வியைப் பற்றிப் பேச எழும் நம்மவர் முதலில் 'இக்ரஃ' என்னும் இறைக்கட்டளையை நினைவூட்டுவர். முடிவில் அப்துல் கலாமின் பெயரைச் சொல்லி அமர்வர். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ வேண்டிய பேச்சு மட்டும் நிகழ்வதேயில்லை. அந்தப் பேச்சுக்குரிய பொருள் கலாமின் நூலிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

அருண் திவாரியுடன் இணைந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1999இல் வெளிவந்தது. மு. சிவலிங்கத்தின் தமிழாக்கத்தில் அது 'அக்னிச் சிறகுகள்' ஆயிற்று. பரிசாகப் பெற்றும் விலை கொடுத்து வாங்கியும் நம் இல்லங்கள் பலவற்றில் இந்நூல் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் நாம் அதை எப்படிப் படித்தோம்? இராமேசுவரத்தில் செய்தித்தாள் போட்ட ஏழைச் சிறுவன் தன் முயற்சியால் உயர்ந்து, 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானான் என்று படித்தோம். திறமையுள்ளவன் எப்படியும் முன்னேறுவான் என்ற நீதியையும் அதிலிருந்து பெற்றோம்.

கேட்பதற்கு இனிய இந்த நீதி, உண்மையில் இரக்கமற்றது. திறமையுள்ளவன் எப்படியும் முன்னேறுவான் என்றால், முன்னேறாதவன் திறமையற்றவன் என்றாகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட நம் பிள்ளையைப் பற்றி மேற்கொண்டு எண்ணிப் பார்க்கும் கடமையிலிருந்து நமக்கு விடுதலையும் கிடைத்துவிடுகிறது. நூல் சொல்வதோ இதுவன்று.

அந்த இளமைப் பக்கங்களை மீண்டும் புரட்டுவோம். 1939இல் போர் மூண்டு, இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நின்றபோது, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கும் வேலையைத் தந்து முதல் ஊதியத்தை ஈட்டவைத்தவர் உறவினர் சம்சுத்தீன். தம் வீட்டு நூல்களைப் படிக்கக் கொடுத்தவர் மாணிக்கம். வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவு பரிமாறியவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் நம்பிக்கையூட்டியவர் அய்யாத்துரை சாலமன். பின்னாளில் சென்னையில் பொறியியல் படிக்கப் பணமின்றித் திகைத்தபோது, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் சகோதரி ஜொஹரா. தனியொருவனின் வெற்றி என்று நாம் பாராட்டுவதில் எத்தனை கைகள் இருக்கின்றன!

பின்வரிசை நிகழ்ச்சியையும் மறப்பதற்கில்லை. ஐந்தாம் வகுப்பில், அர்ச்சகர் மகனின் அருகே முஸ்லிம் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறாத புதிய ஆசிரியர் ஒருவர் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அந்த அர்ச்சகரே, இலட்சுமண சாஸ்திரியே, ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். சிறுபான்மைப் பிள்ளையின் உள்ளத்தில் விழும் இத்தகைய அடி மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை. அடியைத் தடுத்திருக்க இயலாவிடினும், அவனுக்காகப் பேசப் பெரியவர் ஒருவர் இருந்தார் என்பதே அங்கு முக்கியம்.

எனினும் நம் நெஞ்சைக் கவர்ந்தவர் இவர்களுள் எவருமல்லர். ஜொஹராவின் கணவரான அகமது ஜலாலுத்தீனே. கலாமைவிட ஏறத்தாழப் பதினைந்து வயது மூத்தவர். அக்காலத்தில் அத்தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே மனிதர்; கேட்டவர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவர். குடும்பச் சூழ்நிலையால் அவருடைய படிப்பு நின்றுபோயிற்று. அதனால்தானோ என்னவோ, சிறுவன் கலாம் படிப்பதில் அவர் தம் நிறைவைக் கண்டார். புதிய பள்ளியில் சேர்க்க இராமநாதபுரம் வரை உடன் சென்றவரும் அவரே.

நூலின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஜலாலுத்தீனின் படிப்பு ஏன் நின்றது, நின்றபோது அவர் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை அது விரித்துரைக்கவில்லை. ஓரிரு வரிகளில் கடந்து, ஏவுகணைகளை நோக்கி விரைகிறது. ஆனால் கலாமின் கதை நம்மில் ஒருவர்க்கு வாய்த்தது. ஜலாலுத்தீனின் கதையோ நம் தெருதோறும் நடப்பது.

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே செல்லாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5தான். ஆகவே எழுத்தறியாமை நம் நோயன்று. எழுத்தறிந்த பின்னர், உயர்நிலைப் பள்ளியில், மீசை அரும்பும் வயதில் நம் ஆண்பிள்ளைகள் நழுவிப் போவதே நம் நோய். பொதுத் தேர்வுகளில் ஆண்டுதோறும் மாணவியர் முந்துகின்றனர், அதில் மகிழ்கிறோம். மகனிடமோ, "படித்து என்ன ஆகப்போகிறது? கடையைப் பார், பதினெட்டு நிறைந்ததும் சபருக்குப் போ" என்கிறோம். வேலை கிடைக்காது என்னும் அச்சம் பொய்யன்று. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் போகிறவனுக்கு அக்கரையில் காத்திருப்பது எத்தகைய வேலை என்பதைத் திரும்பி வந்தவர்களைக் கேட்டாலே தெரியும்.

நம் சங்கங்கள் செய்வதென்ன? முதல் மதிப்பெண் பெற்றவனுக்கு மேடையில் கேடயம் அளிக்கின்றன. வேண்டியதுதான். ஆனால் கணக்கில் தவறியவன் அந்த மேடைக்கு வருவதில்லை. அவன் வீட்டுக்கும் எவரும் போவதில்லை. அவன் பள்ளிக்கு வராத பத்தாம் நாளில் அவனைத் தேடும் ஒரு மனிதர் மஹல்லாவில் இருந்தால், அக்கேடயத்தினும் அது பெரிது.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டமன்று. கலாம்களைப் படைப்பது அல்லாஹ்வின் நாட்டம். ஜலாலுத்தீன்களாக இருப்பது நம் கையில் உள்ளது. படிப்பு நின்றுபோன மச்சான்மார், மாமாமார், பெரியப்பாமார் நம் வீடுகளில் இல்லையா? அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பையனின் வகுப்பையும், ஆசிரியரின் பெயரையும், அவன் தடுமாறும் பாடத்தையும் அறிந்து வைத்திருக்கட்டும். கடை முதலாளிகள், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பையனையும் கல்லாவில் உட்கார வைப்பதில்லை என்று உறுதி கொள்ளட்டும்.

அடுத்த முறை அந்நூலைப் பிள்ளைக்குப் பரிசளிக்குமுன் நாம் ஒருமுறை படிப்போம். அது பிள்ளைக்கு மட்டும் எழுதப்பட்ட நூலன்று.