மலாய்ப் பூவேலைப்பாடும் சீனத் தாக்கமும்: சோழமண்டலத் துணியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மலாய் மக்களின் மரச்செதுக்கிலும் நெசவிலும் காணப்பெறும் மலர் வடிவங்களுக்குச் சீனப் பீங்கானை மூலமாகக் காட்டுதல் கலைவரலாற்றில் பழகிப்போன வழக்கமாகும். இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1405 முதல் 1433 வரை நிகழ்ந்த செங் ஹோவின் கடற்பயணங்கள் மலாக்காவைப் பன்முறை தொட்டன. குளிர்காலம் இன்றித் தழைக்காத பியோனி மலர் வெப்பநாட்டுக் கலைப்பொருளில் இடம்பெறுமாயின், அது சீனத்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. செவ்வந்தியைக் குறிக்கும் ‘கெக்வா’ என்னும் மலாய்ச் சொல்லும் ஹொக்கியன் மொழியினின்று வந்ததே.

ஆயினும், அடுக்கிதழ் மலர் அனைத்தையும் பியோனி எனக் கொள்வது பொருந்தாது. மலாயில் ‘செம்பாக்கா’ எனப்படுவது நம் செண்பகம். ‘தஞ்சோங்’ எனப்படுவது மகிழம்பூ. தாமரையின் நிலை இன்னும் சிக்கலானது. அது பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் சென்று, அங்குக் கொடிவடிவம் பெற்றுப் பீங்கானில் ஏறித் தெற்கே திரும்பியது. அதனை எவருடைய தாக்கம் என்பது?

சான்றுகளின் இயல்பே முடிவைச் சாய்த்துவிடுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. பீங்கான் உடைந்தாலும் மண்ணில் அழியாது. பருத்தித் துணியோ ஈரநிலத்தில் மட்கிவிடும். சுலவேசியின் தொராஜா மக்கள் குலச்சொத்தாகப் போற்றிக் காத்தமையாலேயே பழைய இந்தியத் துணிகள் சில இன்று ஆய்வுக்குக் கிடைக்கின்றன. எஞ்சியதைக் கொண்டு மட்டும் எழுதப்பெறும் வரலாற்றில் துணியின் பங்கு குறைந்தே தோன்றும்.

இவ்விடத்தில் ‘செஜாரா மெலாயு’ கூறும் ஹாங் நாடிம் கதை உற்றுநோக்கற்குரியது. நாற்பது வகைத் துணி, ஒவ்வொன்றிலும் நாற்பது மலர்வகை வேண்டுமெனச் சுல்தான் மஹ்மூது அவனைக் கெலிங் நாட்டிற்கு, அதாவது தென்னிந்தியக் கரைக்கு, அனுப்புகிறான். அங்குள்ள கைவினைஞர் வரைந்து காட்டிய எதுவும் அவனுக்கு நிறைவளிக்கவில்லை; தானே வரைந்து கொடுக்கிறான். திரும்பும் வழியில் கப்பல் மூழ்கத் துணிகளிற் பெரும்பகுதி கடலிற் போகிறது. அயல்நாட்டு ஓவியரைத் தம் வீரன் விஞ்சினான் என்பது அரசவைப் பெருமிதமே. அதனை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், வாங்குவோர் தரும் மாதிரிக்கேற்பக் கரையோரத்தில் துணி எழுதப்படும் என்பதைக் கேட்போர் முன்பே அறிந்திருந்தாலன்றி அப்பெருமிதம் எடுபட்டிராது. மலரின் வடிவத்தைத் தேர்ந்தவர் ஒருவர், மெழுகும் காரமும் இட்டு எழுதியவர் மற்றொருவர் என்னும்போது, ‘தாக்கம்’ என்னும் ஒருவழிச் சொல் போதாமற் போகிறது.

இவ்வாதத்தைத் தமிழ்ப் பெருமையாக நீட்டுவதும் தவறாகும். கெல்டிரியா கோட்டை எழுந்த 1613 முதல், தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறிய 1690 வரை, டச்சுக் கும்பெனியின் சோழமண்டல வணிகத்திற்குப் பழவேற்காடே நடுவிடம். தென்கிழக்காசியாவில் நறுமணப்பொருள் வாங்குவதற்கான துணிகள் அங்கிருந்து சென்றன. அவ்வூரின் பெயர் மலாயில் இன்றும் வழங்குகிறது. ஆனால் ‘காயின் பெலிக்காட்’ என்பது கட்டம்போட்ட கைலி. அதில் பூவே இல்லை.